ஹவுன்ஸ்லோவும் மூன்று 'வேண்டாமும்'

எங்கள் சங்கத் தலைவரை இரண்டாம் முறையும் தலைவராக்கும் திட்டத்தைப் போட்டவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாம் நடந்து முடிந்தபிறகு குளிர், ரயில், மினிபஸ் சாரதி என்று எதன்மேலெல்லாமோ பழியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே குடியிருந்தேன். பகலில் ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்கினேன். மற்ற நேரத்தில் சங்கத்தின் செயலாளர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன். சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் புறப்பட்டு வந்து லண்டன் முழுக்கச் சிதறிப்போன குடும்பங்கள் கொஞ்சம். ஒரு ரப்பர் முத்திரை, தலைப்பு அச்சடித்த கடிதத்தாள், நத்தார் எனும் கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒரே விழா, கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டி, அதில் ஒரு சண்டை. அவ்வளவுதான் சங்கம்.

தலைவர் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அவர் கையெழுத்து வைத்தால்தான் ஒரு கோப்பு அடுத்த மேசைக்கு நகரும். லண்டனில் அவர் ஒரு கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தார். அந்தக் கூண்டுக்குள்ளும் சட்டைப்பையில் இரண்டு பேனா, மேசையில் ஒரு கோப்பு. கோப்புக்குள் சங்கக் கடிதத்தாள்.

அந்தக் கடிதத்தாளில்தான் விஷயமே இருந்தது. எங்கள் சனத்துக்கு அப்போது எதற்கும் ஒரு கடிதம் தேவைப்பட்டது. கவுன்சிலில் வீடு கேட்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்க. தலைவர் எழுதுவார். பழைய கச்சேரி ஆங்கிலம். ஒரு வசனம் தொடங்கினால் பக்கத்தின் அடியில்தான் முடியும். வாசித்த வெள்ளைக்காரர்கள் பயந்துபோய்க் கேட்டதைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். காலையில் ஆறு மணிக்கே, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். அவர் அலுத்துக்கொள்வார். "ஒரு மனுசன் நிம்மதியாய்ப் பல்லுத் தீட்ட ஏலாமல் கிடக்கு" என்பார். இரண்டாவது மணி அடிக்கும் முன்பே எடுத்தும்விடுவார்.

அந்த வருடம் அவருக்கு எதிராக ஒருவர் கிளம்பினார். ஒரு கணக்காளர், முப்பத்தைந்து வயது. காரிலேயே தொலைபேசி வைத்திருந்தார். சங்கத்துக்கு ஃபாக்ஸ் மெசின் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், கடிதத்துக்கெல்லாம் ஒரு படிவம் வேண்டும் என்றார். படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பினால் போதுமாம். இதைக் கேட்டபோது தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. ஒரு மனிதன் முப்பது வருடமாகப் பழகிய வசனத்தைப் படிவத்தில் அடைப்பதா?

அதே வருடம் அமெரிக்காவிலும் ஒரு சனாதிபதி இரண்டாம் முறைக்கு நின்றார். வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தால் நிறம் பூசிய வரைபடம்தான். இந்த மாநிலம் அவருக்கு, அந்த மாநிலம் இவருக்கு, நடுவில் எந்தப் பக்கமும் சாயாத ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டைப் பிடிப்பவர்தான் வெல்வார் என்று கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னார். எனக்கு மூளைக்குள் விளக்கு எரிந்தது. அடுத்த ஞாயிறே லண்டன் வரைபடம் ஒன்றை வாங்கித் தலைவரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். தலைவரின் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், மேசையில் இருந்த ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வரைபடம் சுருளாமல் ஒரு மூலையில் வைத்தார். பிரசாரத்தில் அவருடைய பங்களிப்பு அதுதான்.

பார்க்கிங் எங்களுக்கு. வால்தம்ஸ்டோ பாதிக்குப் பாதி. கணக்காளர் இருந்த தெற்குப் பக்கம் அவருக்கு. கூட்டிக் கழித்தால் இருவரும் சமம். மிஞ்சியது ஹவுன்ஸ்லோ. விமான நிலையத்தை ஒட்டிய அந்த ஊரில் எங்கள் ஆட்கள் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். சிலர் சரக்குப் பகுதியில், சிலர் துப்புரவில், பெண்கள் பலர் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில். எல்லாரும் சந்தா கட்டிய அங்கத்தவர்கள். ஆனால் ஒருவரும் பொதுக்கூட்டத்துக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விடாது.

"ஹவுன்ஸ்லோவைப் பிடிச்சால் முடிஞ்சுது, அண்ணை" என்றேன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதவிக்காக வீடு வீடாய்ப் போவது தனக்குச் சரிவராது என்றார். அழைத்தால் சேவை செய்யலாம், தானாகப் போய்க் கேட்பது அழகில்லை என்றார். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆகவே, நாங்கள் வாக்குக் கேட்கப் போகவில்லை, சுகம் விசாரிக்கப் போகிறோம் என்றேன். உடனே டயரியை எடுத்து எந்தச் செவ்வாய் என்று கேட்டார். செவ்வாய் எங்கள் இருவருக்கும் ஓய்வு நாள்.

இங்கே எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் தலைவர் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்டால் ஆள் கெட்டார். ஒருவர் பெயரைப் பிரேரிப்பார், இன்னொருவர் வழிமொழிவார். உரியவர் எழுந்து, தனக்குத் தகுதியில்லை, உடம்பு முடியவில்லை, இளம் ஆட்களுக்கு விடுவோம் என்று மறுக்க வேண்டும். சபை விடக்கூடாது. அவர் மறுபடி மறுக்க வேண்டும். சபை சத்தம் போட வேண்டும். மூன்றாம் முறை மறுத்தபிறகு இரண்டு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்துவார்கள். அவர் அழாத குறையாக இருப்பார். முதல் முறை எங்கள் தலைவர் அப்படித்தான் தலைவரானார். அன்று அவரை இழுத்த இரண்டு பேரில் ஒருவன் நான். பாரமே இல்லை, கதிரையை நோக்கி அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

இந்த முறை திட்டம் என்னவென்றால், அந்த முதல் 'விடமாட்டம்' என்ற குரல் ஹவுன்ஸ்லோவிலிருந்து வரவேண்டும். பார்க்கிங்கிலிருந்து வந்தால் சொந்தக்காரரை ஏவிவிட்டார்கள் என்பார்கள். எந்தப் பக்கமும் சாராத ஹவுன்ஸ்லோ எழுந்து நின்று எங்களுக்கு இவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் கணக்காளர் கார் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இதை வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்.

இரண்டு மாதம் செவ்வாய்தோறும் ஹவுன்ஸ்லோவுக்குப் போனோம். நான் வால்தம்ஸ்டோவிலும் அவர் பார்க்கிங்கிலும் ஏறி, நடுவில் சந்தித்து, பிக்கடில்லி லைன் ரயிலில் லண்டனின் மறுகரைக்கு. தலைவர் கோட்டும் கழுத்துப்பட்டியும். நான் ஒரு கொப்பி. அதில் யார் யாருக்கு எந்த ஷிப்ட், யாரோடு மாற்றலாம் என்ற விபரம். அமெரிக்கச் சனாதிபதிக்கு விமானம் இருந்தது. எங்களுக்கு ஒருநாள் பயணச்சீட்டு.

ஹவுன்ஸ்லோ எங்களைச் சாப்பாட்டால் தாக்கியது. முதல் வீட்டில் தலைவர், "ஒண்டும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்றார். இடியப்பம் வந்தது. இரண்டாம் வீட்டில் வேண்டாம் என்றார். புட்டு வந்தது. மூன்றாம் வீட்டில் உண்மையாகவே வேண்டாம் என்றார். நான் கைகூப்பிக்கூடக் கும்பிட்டேன். சோறும் ஆட்டிறைச்சியும் வந்து, சாப்பிட்டு முடித்தபிறகு வட்டிலப்பம் என்ற இனிப்பும் வந்தது. ஐந்தாம் வீட்டை விட்டு இறங்கும்போது தலைவர் கோட்டுப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. இந்த ஊரில் எங்கள் 'வேண்டாம்' என்ற சொல்லை ஒருவரும் நம்பவில்லை. கூட்டத்தில் தலைவர் மறுக்கும்போது இவர்கள் விடப்போவதே இல்லை. கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஹவுன்ஸ்லோ ஆட்கள் எதைச் செய்வதானாலும் ஒரு அக்காவைக் கேட்டுத்தான் செய்வார்கள். மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் அவர் சொல்வதுதான் அந்த வாரத்துத் தீர்மானம். விமானச் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். அவரைக் கடைசிக்கு வைத்திருந்தோம். வேண்டுமென்றே அன்று வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. அவர் வைக்கும் மீன்குழம்பைப் பற்றிப் பார்க்கிங் வரைக்கும் பேச்சிருந்தது.

கதவு திறந்ததும் அந்தக் குழம்பின் மணம் வந்து முகத்தில் அடித்தது. உட்கார்ந்தோம். சாப்பிடுகிறீர்களா என்று அக்கா கேட்டார். தலைவர் வழக்கம்போல, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டோம் என்றார்.

"சரி அண்ணை" என்றார் அக்கா. உட்கார்ந்தும்விட்டார்.

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் சுவரில் இருந்த மாதாவைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தேத்தண்ணியாவது குடிக்கிறீர்களா என்று அக்கா கேட்டார். பழக்கம் விடுமா? தலைவரின் வாய் தன்பாட்டில் வேண்டாம் என்றது. அக்கா அதற்கும் சரி என்றார். பிறகு தானாகவே காரணமும் சொன்னார். வேலையிடத்தில் தொடாத தட்டுகள் திரும்பி வருவதையும் அவற்றை அப்படியே கொட்டுவதையும் நாள் முழுக்கப் பார்ப்பவராம். வேண்டாம் என்பவருக்கு வைத்து அது குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்காதாம். "என்ர வீட்டில ஒருத்தரையும் வில்லங்கப்படுத்தி நான் ஒண்டும் குடுக்கிறேல்லை. வேண்டாம் எண்டால் வேண்டாம்" என்றார்.

ஒரு மணித்தியாலம் இருந்தோம். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் வயிறு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தன்னுடைய ஆட்கள் எல்லாரும் அண்ணைக்குத்தான் என்று அக்கா உறுதி சொன்னார். அவருடைய அம்மாவின் மூட்டு வலிக்காகத் தலைவர் எழுதிய கடிதத்தால்தான் கீழ்த்தளத்தில் வீடு கிடைத்தது. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

வாசலில் செருப்புப் போடும்போது அக்கா என்னை ஒருபக்கம் அழைத்து, "அண்ணை ஏன் தம்பி ஒண்டும் வாயில வைக்கேல்லை? சுகமில்லையோ?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா, அவர் பசியில் துடிக்கிறார், இன்னொரு தரம் கேளுங்கள் என்றிருந்தால் மீன்குழம்பும் கிடைத்திருக்கும், தேர்தலும் கிடைத்திருக்கும். ஆனால் எனக்குள் இருந்த பிரசாரகன் விடவில்லை. இரக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் வாக்கு இறுகும் என்று நினைத்தேன். "பிறஷர், அக்கா" என்றேன். சங்கம், சங்கம் என்று ஓடி ஓடி இரத்த அழுத்தம் ஏறி உடம்பைக் கெடுத்துக்கொண்டார், டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்பதில்லை, எல்லாம் உங்களைப் போன்ற ஆட்களுக்காகத்தான் என்று அளந்துவிட்டேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். வாக்கு இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

திரும்பும் ரயிலில் ஆளுக்கொரு சிப்ஸ் பைக்கற். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். அக்டன் நிலையம் தாண்டியபிறகு, நான் கேட்காமலே பேசினார்.

"தம்பி, கூண்டுக்குள்ள இருந்து ஒரு நாளைக்கு எத்தினை பேருக்குச் சீட்டுக் குடுக்கிறன். ஒருத்தன் முகத்தைப் பாக்கிறேல்லை. கையைத்தான் பாக்கிறான். வீட்டுக்கு வந்தால் போன் அடிக்கும். அது அடிக்கிற வரைக்கும்தான் நான் ஆளாய் இருப்பன். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. பதவி என்று நான் நினைத்திருந்தது அவருக்கு அந்த மணிச்சத்தம். அன்றைக்குத்தான் இந்தத் தேர்தலை எப்படியும் வெல்லவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். அதுவரை வரைபடமும் சிவப்பு மையும்தான் எனக்குப் பிடித்திருந்தன.

நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கச் சனாதிபதி தோற்றார். அதை ஒரு சகுனமாக எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை, அவரிடம் ஹவுன்ஸ்லோ இல்லை என்று தலைவருக்கு ஆறுதல் சொன்னேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு, வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபம். பின்னேரம் மூன்று மணிக்கு மூன்று மினிபஸ் வந்து நின்றன. ஹவுன்ஸ்லோ இறங்கியது. ஷிப்டை மாற்றி, மாற்றியதை மீண்டும் மாற்றி, ஒரு ஆள் குறையாமல் கொண்டுவந்திருந்தேன். சிலர் வேலைச் சீருடையிலேயே இருந்தார்கள். நான் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். கணக்காளரும் எண்ணினார். எண்ணி முடித்து அவர் தன் ஆட்களின் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தபோது, வாழ்க்கையில் இனி எனக்கு என்ன வேண்டும் என்று இருந்தது.

தேர்தலை நடத்த வெளியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். காது கொஞ்சம் மந்தம், விதிகளில் கறார். தலைவர் பதவிக்குப் பெயர்களைக் கேட்டார். கணக்காளரின் பெயர் வந்தது. எங்கள் தலைவரின் பெயர் வந்தது. பார்க்கிங் பிரேரித்து வால்தம்ஸ்டோ வழிமொழிந்தது. பெரியவர் முதலில் எங்கள் தலைவரிடம், சம்மதமா என்று கேட்டார்.

தலைவர் எழுந்தார். மறுப்புரையை அவர் ஒரு கிழமையாகக் கூண்டுக்குள் இருந்து பழகியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நன்றாகப் பழகியிருப்பார் என்று தெரியாது. கச்சேரி வசனம், இந்த முறை தமிழில். களைத்த மாட்டை அவிழ்த்துவிடுவதுபோல் தன்னை விட்டுவிடுமாறு சபையைக் கேட்டார். கை நடுங்குகிறது என்று கையை நீட்டிக் காட்டினார், கை நடுங்கியது. இளம் தோள்கள் சுமக்கட்டும் என்றார். முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சீறினார். தலைவர் உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, ஓரக்கண்ணால் ஹவுன்ஸ்லோப் பக்கம் பார்த்தார்.

அக்கா எழுந்தார்.

நான் மேசைக்கடியில் கைவிரல்களை இறுக்கிக்கொண்டேன். பார்க்கிங் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அக்கா தொடங்கியதும் அவர்கள் சத்தம் போடவேண்டும், அதற்கு முன்னால் ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு.

"அண்ணைக்குச் சுகமில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்று அக்கா தொடங்கினார். அவர் குரல் உடைந்திருந்தது. "டொக்டர் சொல்லியும் கேளாமல் எங்களுக்காக ஓடினவர். என்ர வீட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்க ஏலாமல் இருந்தவர். இண்டைக்கு வாய்விட்டு ஓய்வு கேக்கிறார். இதுக்குப் பிறகும் அவரைப் போட்டு வதைச்சால் அது பெரிய பாவம். ஹவுன்ஸ்லோ ஆக்கள் ஒருத்தரும் அவருக்குக் கை உயர்த்தமாட்டம். அவரை நிம்மதியாய் இருக்க விடுவம்."

கைதட்டல் மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பியது. ஏதாவது செய்யவேண்டுமே என்று விறுக்கென்று எழுந்தேன். விடமாட்டம் என்று கத்துவதற்காகத்தான் எழுந்தேன். ஆனால் செயலாளர் எழுந்ததைப் பார்த்த சபை, தலைவருக்கு மரியாதை செய்யத்தான் எழுந்தேன் என்று நினைத்துவிட்டது. முதலில் ஹவுன்ஸ்லோ எழுந்தது. பிறகு பார்க்கிங்கும் எழுந்தது. பிறகு கணக்காளரின் தெற்குப் பக்கமும் எழுந்தது. எல்லாரும் நின்றுகொண்டு தட்டினார்கள். அந்த இரைச்சலில் என் 'விடமாட்டம்' எனக்கே கேட்கவில்லை. கைக்குட்டை பிடித்த கையோடு தலைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

பெரியவர் விலகல் என்று எழுதிக் கீழே கோடும் இழுத்துவிட்டார். பிறகு கணக்காளரிடம் திரும்பி, சம்மதமா என்று கேட்டார்.

"ஓம்" என்றார் கணக்காளர்.

மறுப்பு இல்லை, தகுதியில்லை என்ற பேச்சில்லை, ஒரு செருமல்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்தவர், வெட்கம் கெட்டவன் என்று முணுமுணுத்தார். ஆனால் பெரியவரின் விதிப் புத்தகத்தில் வெட்கத்துக்கு இடமில்லை. ஏகமனதாகத் தெரிவு என்று அறிவித்தார். அந்த வருட அறிக்கையில் அதை எழுதியதும் நான்தான்.

நான் மூன்று வாரம் தலைவர் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. முத்திரையும் கடிதத்தாளும் கோப்பும் புதுத் தலைவரிடம் போய்விட்டன. அவர் தன் அலுவலகத்தில் பதில் சொல்லும் மெசின் ஒன்றைப் பொருத்தினார். சத்தம் கேட்டதும் செய்தியைச் சொல்லவும் என்று அது ஆங்கிலத்தில் கட்டளையிட்டது. எங்கள் சனம் மெசினோடு பேச வெட்கப்பட்டு வைத்துவிட்டார்கள். பழைய தலைவரையும் கூப்பிடவில்லை. ஏனென்றால் அவர் ஓய்வில் இருந்தார். அவரைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்று லண்டன் முழுக்கத் தமிழர் ஒற்றுமையாக இருந்தது என் அறிவுக்கு அந்த ஒரு முறைதான்.

நத்தாருக்குச் சில நாள் முன்னால், மனம் கேட்காமல் பார்க்கிங்குக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். கதவைத் திறந்தபடியே, குரலைக் குறைக்காமல், மனிசன் வேலை முடிந்து வந்தால் வீட்டிலேயே கிடந்து கறிச் சரக்குத் தூள் டப்பாக்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டார் என்றார். தலைவர் சோபாவில் இருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா. தொலைபேசி பக்கத்தில் இருந்தது. அது இரண்டு நாளாக அடிக்கவில்லை என்று அண்ணி சமையலறைக்குள் இருந்து அறிவித்தார். எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அந்த மனிதரின் வீட்டை நான் ஊமையாக்கிவிட்டிருந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டார் தலைவர்.

"வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"சரி" என்றார்.

இரண்டாம் முறை கேட்கவில்லை. வெளியே ஆலங்கட்டி மழை. நான் அரை மணித்தியாலம் குளிரில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்திருந்தேன். அவர் பேப்பரை விரித்தார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது தொலைபேசி அடித்தது. தலைவர் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். முதல் மணி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் எடுத்தார். ஹவுன்ஸ்லோ அக்கா. கணீரென்ற குரல், எனக்கும் கேட்டது. இத்தனை நாள் கரைச்சல் தரக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். பிறஷர் இப்போது எப்படி என்று கேட்டார்.

"பிறஷரோ? எனக்கோ?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். நான் கம்பளத்தில் இருந்த பூவொன்றை ஆராய்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்ல சுகம், தங்கச்சி. முழுக்க மாறிட்டுது" என்றார்.

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு தயக்கம். மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். மெசினிடம் சொல்லத் தெரியவில்லை. சங்கத்துத் தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அண்ணையின் எழுத்து இருந்தால் போதும். அண்ணைக்கு ஏலாது என்றால் வேண்டாம், வில்லங்கப்படுத்தவில்லை.

ஆயுள் முழுக்கப் பழகிய வழக்கம் அவர் தொண்டைக்குள் எழும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். என்னிடம் என்ன இருக்கிறது தங்கச்சி, இப்போது நான் தலைவர் இல்லையே, வேறு யாரையும் கேட்டுப் பாருங்கள் என்ற வசனம் உதடுவரை வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார்.

"ஓம்" என்றார். "ஓம், எழுதித் தாறன். இப்பவே சொல்லும்."

சட்டைப்பையிலிருந்து பேனா வந்தது. பேப்பரின் ஓரத்தில் குறிப்பெடுத்தார். பெயர், வகுப்பு, பிறந்த திகதி. கேட்டதையே இன்னொரு முறையும் கேட்டு எழுதினார். பேச்சை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. தனக்குச் சுகம் என்று ஹவுன்ஸ்லோவில் எல்லாருக்கும் சொல்லிவிடும்படி இரண்டு முறை சொன்னார். வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமில்லை.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை விடும். தேத்தண்ணி வேணுமோ, வேண்டாமோ? ஒருக்கால்தான் கேப்பன்."

"வேணும், அண்ணை" என்றேன்.

உள்ளே அண்ணி கேத்தலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.